காயம் பட்டா ரத்தம் எப்படி நிக்குது? – ஐ.டி.ஜி.பி.3 என்ற மரபணுவின் கதை



இந்த மாதச் சுவரிதழின் அறிவியல் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஒரு மரபணு. அதன் பெயர் ஐ.டி.ஜி.பி.3. பேரைக் கேட்டா வண்டி நம்பர் மாதிரி இருக்கும். ஆனால் இது நம்ம ஒவ்வொருத்தர் உடம்பிலும் இருக்கு. விளையாட்டுப் பீரியடில் விழுந்து முட்டியில் ரத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. அப்படி நிற்க வேண்டும் என்றால் இந்த மரபணு சரியாக இருக்க வேண்டும். இது கெட்டுப்போன பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால்கூட ரத்தம் லேசில் நிற்காது. கட்டுரை கொஞ்சம் நீளம். தயவுசெய்து முழுசாகப் படிங்க. முக்கியமாக ஏழாவது பகுதியைப் பெண் பிள்ளைகள் விடாமல் படிக்க வேண்டும்.

1. உள்ளே நடப்பது என்ன?

நம் ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர தட்டணு என்று ஒன்று இருக்கிறது. டெங்கு வந்த வீட்டில் 'பிளேட்லெட் குறைஞ்சிட்டு' என்று சொல்லுவாங்களே, அதுதான் இது. 2012-இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியபோது இந்த வார்த்தை நம்ம பக்கம் எல்லார் வாயிலும் வந்ததாகப் பெரியவங்க சொல்வாங்க. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் பிறந்து 7 முதல் 10 நாள் வரை உயிரோடு இருக்கும். இதற்கு உட்கரு கிடையாது.

குளத்துக் கரையில் உடைப்பு விழுந்தால் என்ன செய்வார்கள்? முதலில் ஆட்கள் ஓடிப்போய் உடைப்பில் நிற்பார்கள். தனித்தனியாக நின்றால் தண்ணீர் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். ஒரே கயிற்றை எல்லாரும் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தாங்கும். பிறகு கல்லும் மண்ணும் போட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். ரத்தக்குழாய் அறுந்தாலும் இதே வேலைதான் நடக்கிறது. தட்டணுக்கள் வந்து அறுந்த இடத்தில் ஒட்டும். பிறகு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அவை பிடிக்கும் கயிறுக்கு ஃபைப்ரினோஜன் என்று பெயர். அது ரத்தத்தில் மிதக்கிற ஒரு புரதம். அதன் ஒரு முனையை ஒரு தட்டணு பிடிக்கும், மறு முனையை இன்னொரு தட்டணு பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஓட்டையை அடைக்கும். அதன் பிறகு ஃபைப்ரின் என்கிற வலை மேலே பின்னிக் கெட்டியாக்கும்.

2. பிடிக்கிற கை

கயிற்றைப் பிடிக்கத் தட்டணுவுக்குக் கை வேண்டுமே? அந்தக் கைதான் இன்டெக்ரின் என்ற புரதம். செல்லின் மேல்தோலில் பதிந்திருக்கும். இந்த மாதிரிப் புரதங்களைப் புத்தகத்தில் 'செல் ஒட்டு ஏற்பி' என்று சொல்வார்கள். ஒரு தட்டணுவில் சுமார் 80,000 கைகள் இருக்கின்றன. தட்டணுவின் அகலமே ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் இத்தனை கை என்றால் ஆச்சரியம்தான்.

இந்தக் கை ஒரே துண்டு இல்லை. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டு. இவற்றைத் துணை அலகுகள் என்பார்கள். தட்டணுவின் கையில் இருப்பது ஆல்ஃபா 2பி, பீட்டா 3. பீட்டா 3 துண்டை உண்டாக்குவதுதான் நம் தலைப்பில் உள்ள ஐ.டி.ஜி.பி.3 மரபணு. ஆல்ஃபா 2பி துண்டை உண்டாக்குவது ஐ.டி.ஜி.ஏ.2பி என்ற வேறு மரபணு.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடு நல்லா இருந்து மற்றது வரவில்லை என்றால் வண்டி தொழுவத்தை விட்டு நகராது. இதுவும் அப்படித்தான். ஆல்ஃபாவும் பீட்டாவும் செல்லுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால்தான் வெளித்தோலுக்கு வரும். ஒன்று இல்லை என்றால் மற்றதையும் செல் உள்ளேயே அழித்துவிடும். அதனால் இரண்டு மரபணுவில் எது கெட்டாலும் நோய் ஒன்றுதான்.

இன்னொரு அதிசயமும் உண்டு. சும்மா இருக்கும்போது இந்தக் கை மடங்கியே இருக்கும். காயம் பட்ட செய்தி வந்த பிறகுதான் நிமிர்ந்து விரியும். எப்போதும் விரிந்தே இருந்தால் ஓடுகிற ரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிப்போய்விடும்.

மனித உடம்பில் 18 ஆல்ஃபாவும் 8 பீட்டாவும் கலந்து 24 வகைக் கைகள் இருக்கின்றன. வெள்ளையணுவின் கைக்கு வேண்டிய பீட்டா 2 துண்டை ஐ.டி.ஜி.பி.2 என்ற மரபணு உண்டாக்குகிறது. அது கெட்ட குழந்தைக்குக் கிருமித் தொற்று அடிக்கடி வரும். தொப்புள்கொடி விழவே ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம். இன்டெக்ரின்களைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாட்டி, திமோத்தி ஸ்பிரிங்கர் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2022-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

3. ஒரு எழுத்து போனால் என்ன ஆகும்?

ஐ.டி.ஜி.பி.3 மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஜோடி மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. பீட்டா 3 புரதம் 788 அமினோ அமிலங்களைக் கோர்த்து உண்டாகிறது. மரபணுவில் உள்ள எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகப் படிக்கும். மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம்.

இதைத் தமிழிலேயே காட்டுகிறேன். மூன்று எழுத்துச் சொற்களாலான வாக்கியம்:

கமலா – அவள் – மகள்

இதில் இரண்டாவது எழுத்தான 'ம' விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுபடியும் மூன்று மூன்றாகப் படித்தால்:

கலாஅ – வள்ம – கள்

ஒரு எழுத்துதான் போச்சு. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் குழம்பிவிட்டது. ஈராக் நாட்டு யூதக் குடும்பங்களில் இந்த நோய் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. 1991-இல் விஞ்ஞானிகள் அவர்களின் ஐ.டி.ஜி.பி.3 மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். அதில் 11 எழுத்துகள் விழுந்திருந்தன. 11 மூன்றால் வகுபடாத எண். அதனால் வாசிப்பு குழம்பி, பீட்டா 3 துண்டு உருவாகவில்லை.

4. நோயின் பெயர் எப்படி வந்தது?

1918-இல் சுவிட்சர்லாந்தில் எடுவார்ட் கிளான்ஸ்மேன் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனாலும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. உறைந்த ரத்தமும் சுருங்கி இறுகவில்லை. தட்டணுவுக்கே பலமில்லை என்று அவர் முடிவு செய்தார். அதனால் இதற்குக் கிளான்ஸ்மேன் திராம்பஸ்தீனியா என்று பெயர். கையைக் கண்டுபிடிக்கவும் மரபணுவைப் படிக்கவும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஆயின.

எண்ணிக்கை சரியாக இருக்கும் என்பது முக்கியமான விஷயம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் 'பிளேட்லெட் நார்மல்' என்று வந்துவிடும். வீட்டிலும் சரியாப்போச்சு என்று விட்டுவிடுவார்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு என்று பப்பாளி இலைச் சாறு கொடுத்தாலும் இங்கே பலன் இல்லை. ஆள் குறையவில்லை, ஆளுக்குக் கை இல்லை.

5. இது வெளிநாட்டு நோயா?

இல்லை. உலகத்தில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் என்று சொல்கிறார்கள். ஆனால் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1981-இலேயே தென்னிந்தியாவைச் சேர்ந்த 42 நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு அபூர்வமான நோய்க்கு 42 பேர் என்பது பெரிய எண்ணிக்கை. ஈராக்கிய யூதர்கள், பிரான்சில் உள்ள மனூஷ் என்ற நாடோடி மக்கள், தென்னிந்தியர் என்று சில கூட்டங்களில் மட்டும் இது ஏன் கூடுதலாக இருக்கிறது? அந்தக் கூட்டங்களில் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. சொந்தத்துக்குள் கல்யாணம்.

6. ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு அக்காமார் மெண்டலின் பட்டாணிச் செடிப் பாடம் படித்திருப்பார்கள். அதேதான் இங்கேயும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டு ஒன்று நல்லா இருந்தால் கைகள் பாதி இருக்கும். பாதி இருந்தாலே ரத்தம் நிற்கும். அந்த ஆளுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அவரைக் கடத்தி என்பார்கள். இரண்டும் கெட்டால்தான் நோய். தாயும் தந்தையும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வரும்.

இப்போ ஒரு தாத்தா கடத்தி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள்.

மகனுக்குக் கெட்ட பிரதி போக வாய்ப்பு 1/2. மகளுக்கும் 1/2.
மகனின் பிள்ளைக்கு 1/4. மகளின் பிள்ளைக்கும் 1/4.
அந்த அத்தை மகனும் மாமன் மகளும் கல்யாணம் செய்கிறார்கள். இருவரும் கடத்தியாக இருக்க வாய்ப்பு 1/4 × 1/4 = 1/16.
அவர்கள் பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு 1/16 × 1/4 = 1/64.

தாத்தாவின் மகன், அதாவது தாய்மாமன், அக்காள் மகளைக் கட்டினால் 1/2 × 1/4 × 1/4 = 1/32. இரண்டு மடங்காகிவிட்டது. அதே பேரன் சொந்தமில்லாத பெண்ணைக் கட்டினால், அந்தப் பெண்ணும் இதே மரபணுவுக்குக் கடத்தியாக இருப்பது மிக மிக அபூர்வம்.

இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 64-இல் 63 பங்கு நோய் வராது. அதுவும் தாத்தா கடத்தியாக இருந்தால்தான் இந்தக் கணக்கே. அதனால் சொந்தத்தில் கட்டின எல்லார் பிள்ளைக்கும் நோய் வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். நம்ம வகுப்பிலேயே எத்தனை பேருக்கு அம்மாவும் அப்பாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை! எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம். ஆனால் கணக்கு இந்த ஒரு மரபணுவுக்கு மட்டும் இல்லை. மறைந்திருக்கும் எந்த மரபணுவுக்கும் இதே கணக்குதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் திருமணமானவர்கள். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத நோய் இருந்தால், சொத்து வெளியே போகக்கூடாது என்று மட்டும் பார்க்காமல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே?

7. பெண் பிள்ளைகளுக்கு

எங்க ஆச்சிக்கு எல்லாமே சூடுதான். சில்லுமூக்கு உடைஞ்சாலும் சூடு, ஈறில் ரத்தம் வந்தாலும் சூடு. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்பது உண்மை. கோடையில் மூக்குக்குள் காய்ந்துபோய் ரத்தம் வருவது சாதாரணம். ஆனால் சின்ன வயதிலிருந்தே அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் விழுந்தால் நிற்காத ரத்தம், லேசாகத் தட்டினாலே ஊதா நிறத் தழும்பு, இவை எல்லாம் ஒரே பிள்ளைக்கு இருந்தால் அது சூடு இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரியவளாகும்போது ஆபத்தாக மாறுகிறது. முதல் தடவையே ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரும். அந்த நேரத்தில் வீட்டில் தனியாக உட்கார வைத்திருப்பார்கள். பிள்ளை வெட்கத்தில் சொல்லாது. அம்மாவிடம் சொன்னாலும் 'எல்லாருக்கும் இப்படித்தான், பொறுத்துக்கோ' என்பார்கள். வெளியே தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று பயப்படுவார்கள். முகம் வெளுத்து, படி ஏற முடியாமல் மூச்சு வாங்கினால் சத்துக்குறைவு என்று பேர் வைத்துவிடுவார்கள். வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை நல்லதுதான். ஆனால் குடத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து என்ன பயன்?

இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

* 7 நாளுக்கு மேல் நிற்காவிட்டால்,
* ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டி வந்தால்,
* பெரிய பெரிய கட்டியாகப் போனால்

கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மாவிடம், டீச்சரிடம், கிராம சுகாதார நர்சிடம், யாரிடமாவது சொல்ல வேண்டும். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. எந்தக் காரணம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும். பையன்களும் இதைப் படித்திருப்பீர்கள். உங்களுக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்க. கேலி செய்யாமல் இருந்தாலே பெரிய உதவி.

8. பரிசோதனையும் மருந்தும்

தட்டணுக்கள் ஒன்றையொன்று பிடிக்கின்றனவா என்று கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தத்தில் மருந்து விட்டதும் கூட்டாகச் சேரும். இந்த நோயில் சேராது. கை எத்தனை இருக்கிறது என்று எண்ணவே ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. எல்லா ஊரிலும் இந்த வசதி இருக்காது. வேலூர் மாதிரிப் பெரிய மருத்துவமனையில் இருக்கும். உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தால் அங்கே போகலாம்.

சின்னக் காயத்துக்கு அழுத்திப் பிடிப்பதும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் உதவும். மாதவிலக்கைக் கட்டுப்படுத்த ஹார்மோன் மாத்திரை தருவார்கள். பெரிய ரத்தப்போக்குக்குத் தட்டணு ஏற்றுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் ஃபேக்டர் 7ஏ என்ற ஊசி உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் நோய் தீரும். ஆனால் அது பெரிய சிகிச்சை, கடுமையானவர்களுக்கு மட்டும். ஒழுங்காகக் கவனித்தால் இவர்கள் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்து பிள்ளை பெறலாம்.

9. பாம்பு கற்றுக்கொடுத்த மருந்து

நம்ம ஊர்க் காட்டிலும் கல்மேட்டிலும் சுருட்டை விரியன் உண்டு. அதன் விஷத்தில் ரத்தத்தைக் கெடுக்கும் பொருள்கள் பல இருக்கின்றன. அதில் ஒன்று எகிஸ்டாட்டின். வெறும் 49 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். இது போய் நம் தட்டணுவின் கையை அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கையால் ஃபைப்ரினோஜனைப் பிடிக்க முடியாது. அதாவது கிளான்ஸ்மேன் நோயைக் கொஞ்ச நேரத்துக்கு உண்டாக்கிவிடும்!

விஞ்ஞானிகள் இதைப் பார்த்து டைரோஃபிபான் என்ற மருந்தைச் செய்தார்கள். 1998-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு வந்தவரின் இதயக் குழாயில் ரத்தம் கட்டும்போது, இந்த மருந்து தட்டணுக்கள் கை கோர்ப்பதைத் தடுக்கிறது. கை பிடிக்காவிட்டால் ஒரு நோய், பிடிக்கக்கூடாத இடத்தில் பிடித்தால் இன்னொரு நோய். ஒரு அபூர்வ நோயை ஆராய்ந்தது, மாரடைப்பு வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு உதவியிருக்கிறது.

10. உடனே செய்ய வேண்டியது

(இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும்)

* மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்கக்கூடாது. உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மெதுவான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். வாயால் மூச்சு விடலாம்.
* காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். காப்பித்தூள், சாணி, சுண்ணாம்பு வைக்கக்கூடாது.
* ரத்தம் நிற்காத பிள்ளைக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரை கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன் வகைகள் தட்டணுவை இன்னும் பலவீனமாக்கும்.
* பல் பிடுங்கும் முன், காது குத்தும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
* தினமும் பல் துலக்க வேண்டும். ஈறு நல்லா இருந்தால் ரத்தம் வருவது குறையும்.

படித்துவிட்டு விடை சொல்லுங்கள்

1. தட்டணுவின் ஆயுள் எத்தனை நாள்?
2. ஐ.டி.ஜி.பி.3 எத்தனையாவது குரோமோசோமில் இருக்கிறது?
3. கிளான்ஸ்மேன் நோயில் தட்டணு எண்ணிக்கை குறையுமா?
4. கமலா அவள் மகள் என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுக.

விடை எழுதிய தாளை அறிவியல் டீச்சர் மேசையில் வைக்கவும். முதல் நாலு விடை அடுத்த சுவரிதழில் ஒட்டப்படும்.

ரத்தம் நிற்காமல் போவது யார் செய்த பாவமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. 17-ஆவது குரோமோசோமில் சில எழுத்துகள் விட்டுப்போயிருக்கு, அவ்வளவுதான். விட்டுப்போன எழுத்தை நம்மால் எழுத முடியாது. ஆனால் வாயைத் திறந்து சொன்னால் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற முடியும்.



– 9-ஆம் வகுப்பு மாணவி, ராயகிரி